ஃபெமினைன் ஃபாரெவர்: 60 வருஷம் கழித்து ஒரு வாசிப்பு

சில புத்தகங்களை நல்ல புத்தகம் என்பதற்காகப் படிக்க மாட்டோம். அது உலகத்தில் என்ன வேலை பார்த்தது என்று தெரிந்துகொள்ளப் படிப்போம். ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர் 1966இல் வெளியிட்ட ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ அந்த வகை. தமிழில் சொன்னால் ‘என்றென்றும் பெண்மை’. இரண்டு வாரமாக இதைத்தான் குறிப்பெடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். எனக்கு 43 வயது. மாதவிடாய் கணக்குத் தப்ப ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகிறது. விஷயம் தெரிந்த தோழி ஒருத்தி, “ஹார்மோன் பேலன்ஸ் பண்ணும், சாப்பிட்டுப் பாரு” என்று ஒரு பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் அதைப் பார்த்த அம்மா, “எனக்கும்தான் ஒரு மாத்திரை குடுத்தாங்க. நீதானே நிறுத்தச் சொன்னே” என்றாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த வாக்கியம் தூங்கவிடவில்லை.

நடந்தது இதுதான். 1998இல் அம்மாவுக்கு 43 வயது, இப்போது எனக்கு இருக்கிற அதே வயது. கட்டி, அதிக ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஊரில் இதை ஒரே வார்த்தையில் ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று முடித்துவிடுவோம். சினைப்பை இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரம்மா தினம் ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். 2002 ஜூலையில், நான் காலேஜில் மூன்றாம் வருஷம், ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி: ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், அமெரிக்காவில் பெரிய ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான்தான் அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டி அர்த்தம் சொன்னேன். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள்.

அந்தச் செய்தி பிறந்த கதையைத் தேடிப் போனால், அது வில்சனின் புத்தகத்தில் போய் நிற்கிறது.

வில்சன் சொல்வது சுருக்கமாக: மாதவிடாய் நிற்பது இயற்கையான கட்டம் அல்ல, அது ஒரு குறைபாட்டு நோய். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் குறைவதுபோல இவளுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இன்சுலின் கொடுப்பதுபோல இதையும் கொடுத்துவிட்டால் போதும். எவ்வளவு நாளைக்கு? சாகும்வரை. 1963இல் தன் மனைவி தெல்மாவோடு சேர்ந்து முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, பூப்பெய்தியதிலிருந்து கல்லறைவரை போதுமான ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்று கோரிக்கை வைத்தவர் அவர். புத்தகம் அந்தக் கோரிக்கையைக் கதைகளாக விரிக்கிறது.

முதலில் அவருக்குச் சேரவேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். திடீரென்று உடம்பு திகுதிகுவென்று எரிவது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் போவது, பிறப்புறுப்பு உலர்ந்து தாம்பத்தியமே வலியாவது, எலும்பு தேய்வது என எல்லாம் நிஜம். ‘எல்லாம் மனசுதாம்மா’ என்று சொல்லி அனுப்பிய டாக்டர்கள் நிறைந்த காலத்தில், இது உடம்பில் நடக்கிறது, இதற்கு மருந்து இருக்கிறது என்று அவர் சொன்னார். உடம்பு எரிச்சலுக்கு ஈஸ்ட்ரோஜனை மிஞ்சிய மருந்து இன்றுவரை இல்லை. எலும்பு முறிவையும் அது குறைக்கிறது. பெண்கள் அந்தப் புத்தகத்தை ஓடி ஓடி வாங்கியதற்கு வெறும் அழகு ஆசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. புரூக்ளினிலிருந்து ஒரு ஆள் அவருடைய அறைக்கு வருகிறான், துப்பாக்கியை எடுத்துக் காட்டுகிறான். பெண்டாட்டியின் நச்சரிப்பு தாங்க முடியவில்லை, நீங்கள் குணப்படுத்தாவிட்டால் அவளைக் கொன்றுவிடுவேன் என்கிறான். வில்சன் என்ன செய்திருக்க வேண்டும்? போலீஸுக்குப் போன் செய்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் மனைவிக்கு ஈஸ்ட்ரோஜன் ஆரம்பிக்கிறார். அவள் சாந்தமாகிவிடுகிறாள், குடும்பம் பிழைக்கிறது. இதை அவர் வெற்றிக்கதையாகச் சொல்கிறார்! நோயாளி யார், புகார் யாருடையது, மருந்து யாருக்கு? இந்த மூன்று கேள்விக்கும் அந்தக் கதையில் ஒரே பதில் வரவில்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. புத்தகம் முழுக்க இப்படித்தான். பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைவிட, அவளோடு இருப்பது மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

அந்த இன்சுலின் உவமையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இன்சுலின் அடியோடு நின்றுபோனவருக்கு வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும். மாதவிடாய் நின்ற பெண் அதற்குப் பிறகு முப்பது வருஷம் வயலில் வேலை பார்க்கிறாள், பேரன் பேத்தியை வளர்க்கிறாள், வீட்டை ஆள்கிறாள். ஒரு வயதைத் தாண்டும் எல்லாப் பெண்களுக்கும் வருவதை நோய் என்று சொன்னால், நோயாளி இல்லாத பெண்ணே இருக்க முடியாது. மருந்து விற்பவருக்கு அதைவிட நல்ல சந்தை ஏது?

இது வெறும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு அமெரிக்காவில் பரவலாக விற்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ப்ரெமாரின். 1942இல் அங்கே விற்பனைக்கு வந்தது, கர்ப்பமான பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுப்பது. பெயரே அந்த ஆங்கில வார்த்தைகளைச் சுருக்கி வைத்ததுதான். புத்தகம் எழுதிய செலவை அந்த மாத்திரையைத் தயாரித்த வையத் கம்பெனி ஏற்றுக்கொண்டது என்று வில்சனின் மகனே 2002இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் சொன்னார். புத்தகத்தை வாங்கிப் படித்தவர்களுக்கு இது தெரியாது.

சரி, பணம் வாங்கினாலும் உண்மையைச் சொல்லலாமே? அதற்கு ஆதாரம் வேண்டும். 1962இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வில்சன் ஒரு கட்டுரை எழுதினார். 304 பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தேன், ஒருவருக்குக்கூட மார்பகத்திலோ கருப்பையிலோ புற்றுநோய் வரவில்லை என்பது அதன் சாரம். ஹார்மோன் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுகிறது என்ற முடிவுக்கு அதிலிருந்து போனார். ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத ஒரு கூட்டம் அங்கே இல்லை. தன்னிடம் வந்து, தன்னிடம் தங்கியவர்களை அவரே எண்ணிக்கொண்டார்.

13 வருஷத்தில் பதில் வந்தது. 1975 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒரு ஆய்வில் 4.5 மடங்கு, இன்னொன்றில் 7.6 மடங்கு. காரணம் புரியாத ஒன்றல்ல. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளரச் சொல்கிறது. மாதாமாதம் புரோஜெஸ்டிரோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்தி, உதிரவைக்கிறது. ஒன்றை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் வளர்ச்சிக்கு நிறுத்தம் இல்லை. அதனால் அதன் பிறகு கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. கருப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் கதைக்கு இதுதான் சாவி.

1980களில் மாத்திரை திரும்ப எழுந்தது, இந்த முறை இதயத்தின் பெயரால். ஹார்மோன் சாப்பிடும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டின. ஆனால் அவர்கள் ஏற்கெனவே வசதியுள்ளவர்கள், டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். நன்மை மாத்திரையால் வந்ததா, அந்த வாழ்க்கையால் வந்ததா? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அமெரிக்க அரசு 1990களில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வை ஆரம்பித்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்று பிரிக்கும் ஆய்வு. வில்சன் செய்யாமல் விட்ட வேலை.

அந்த ஆய்வில் இரண்டு தனித்தனிப் பிரிவுகள். கருப்பை உள்ள 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. கருப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். 2002 ஜூலையில் நிறுத்தியது முதல் பிரிவை மட்டும்தான். இரண்டாவது பிரிவு 2004வரை நடந்தது.

பேப்பரில் வந்த எண் ‘மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்’. நான் அம்மாவுக்குப் படித்துக்காட்டியதும் அதுதான். நான் அதை நூறில் 26 பேருக்கு வரும் என்று புரிந்துகொண்டேன், அப்படியே சொல்லியும் வைத்தேன். கணக்கு அது இல்லை. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 30 பேருக்கு வந்தது. சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. கூடுதல் 8 பேர். மாரடைப்பு போன்ற இதய நோய் கூடுதலாக 7 பேருக்கு, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8. மறுபக்கம், பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு, இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு. எட்டு என்பது சின்ன எண் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. அந்த எட்டில் ஒருத்தியாக இருந்தால் அது முழு எண். இதயத்தைக் காக்கும் என்று சொல்லி நல்ல உடம்போடு இருந்தவர்களுக்குக் கொடுத்த மாத்திரை, இதயத்தையே காக்கவில்லை. ஆய்வை நிறுத்தியது சரிதான்.

ஆனால் அந்தப் பெண்கள் யார்? 50 முதல் 79 வயதுவரை. சராசரி வயது 63. பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 43 வயதில் ஒரே நாளில் சினைப்பையை இழந்த ஒரு பெண் அந்த ஆய்வில் கேட்கப்பட்ட கேள்வியிலேயே இல்லை. அம்மாவுக்குக் கருப்பை இல்லை. அவள் சாப்பிட்டது சேர்ந்த மாத்திரை இல்லை. வயது 47. செய்தியில் இருந்த பெண்ணுக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்ற பெண்ணுக்கும் பொதுவாக இருந்தது ‘ஹார்மோன்’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

2004இல் இரண்டாவது பிரிவின் முடிவு வந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் கூடியது. இதய நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட வருஷங்கள் தொடர்ந்து கவனித்ததில் அது குறைவாகவே இருந்தது என்று 2020இல் எழுதினார்கள். 2002 செய்தி முதல் பக்கத்தில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. 2004 செய்தி வந்ததே எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

இயற்கையான வயதுக்கு முன்னாலேயே சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் பொதுவாகச் சொல்வது. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பையையும் எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் கொடுக்காமல் விட்ட பெண்களை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. இங்கே குறைபாடு என்ற சொல் பொருந்தும். எல்லாப் பெண்களுக்கும் தவறாகச் சொன்ன ஒன்று, சில பெண்களுக்கு உண்மையாக இருந்தது. வில்சன் அதை எல்லோர் மேலும் பூசியதால், பிறகு பயம் வந்தபோது அந்தச் சிலரையும் சேர்த்தே கழுவிவிட்டார்கள்.

என்னுடைய விமர்சனம் இதுதான். வில்சனின் புத்தகமும் அதைக் கவிழ்த்த 2002 தலைப்புச் செய்தியும் ஒன்றுக்கொன்று எதிரிகள்போலத் தெரிகின்றன. இரண்டும் செய்த தவறு ஒன்றே. இரண்டும் ‘பெண்’ என்று ஒருத்தியை வைத்துக்கொண்டு, ‘ஹார்மோன்’ என்று ஒரு பொருளை வைத்துக்கொண்டு, நல்லதா கெட்டதா என்று கேட்டன. கேட்டிருக்க வேண்டியது: எந்தப் பெண்ணுக்கு, எத்தனை வயதில், மாதவிடாய் நின்று எத்தனை வருஷத்தில், கருப்பை இருக்கிறதா, எந்த ஹார்மோன், வாய்வழியா தோலில் ஒட்டுவதா, எதற்காக, எவ்வளவு நாளைக்கு? இத்தனை கேள்வி கேட்டால் புத்தகமும் விற்காது, தலைப்பும் அமையாது.

இது பழங்கதையும் இல்லை. 2003இல் அந்த மாத்திரைகளின் அட்டையில் ஏறிய கறுப்புப் பெட்டி எச்சரிக்கையின் பெரும்பகுதியை எடுக்கப்போவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 50 வயதுப் பெண்ணை 63 வயது எண்களால் பயமுறுத்தியது தப்பு என்ற அளவில் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கூடவே மாரடைப்பு குறையும், மறதிநோய் குறையும் என்ற பெரிய வாக்குறுதிகளும் வந்தன. அதைப் படித்தபோது வில்சனின் குரல்தான் காதில் கேட்டது. ஊசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது, நடுவில் நிற்க மறுக்கிறது.

அப்புறம் அந்தப் பவுடர் டப்பா. ‘பேலன்ஸ்’ என்ற சொல்லே வில்சனின் பேரப்பிள்ளை என்று இப்போது தோன்றுகிறது. தராசில் ஒரு தட்டு இறங்கிவிட்டது, கொஞ்சம் பொடி போட்டால் சமமாகிவிடும் என்ற படம். இந்த வயதில் உடம்பில் நடப்பது அது இல்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு வாரம் முன்பைவிட ஏறும், அடுத்த வாரம் படுத்துவிடும். அதனால்தான் 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், ரத்தப் பரிசோதனை இல்லாமலே முடிவுசெய்யலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் சொன்னது. ஒரு நாள் எடுத்த ரத்தத்தில் வந்த எண் அடுத்த வாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்த அளவுக்குச் சமன் செய்வது? யாருடைய அளவுக்கு? இருபது வயதின் அளவுக்கா? அப்படியானால் அது வில்சன் கேட்டதேதான்.

‘ரெண்டு வருஷத்துல தானா சரியாயிடும், பொறுத்துக்கோ’ என்று நம் வீடுகளில் சொல்வதும் சரியில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், உடம்பு எரிச்சல் நீடித்த இடைநிலைக் காலம் 7.4 வருஷம். பொறுத்துக்கொள் என்பது ஏழு வருஷத்துக்குச் சொல்லும் புத்திமதி ஆகாது.

அம்மா அதைப் பொறுத்துக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தியபின் ராத்திரி ராத்திரி எழுந்து முற்றத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமைப்பாள். கரண்ட் போனால் அழுதுவிடுவாள். நாங்கள் அவளைக் கோபக்காரி என்று சொல்லிக் கேலி செய்தோம். 2023இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான் நிறுத்தச் சொன்னதால்தான் முறிந்தது என்று என்னால் எழுத முடியாது. நிறுத்திய சில வருஷங்களில் எலும்புக்குக் கிடைக்கும் காப்பு கரைந்துவிடும். 50 வயதுவரை சாப்பிட்டிருந்தாலும் 68 வயது எலும்புக்கு அது என்ன செய்திருக்கும் என்று ஒரே ஒருத்தியின் வாழ்க்கையை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் நானும் 304 பெண்களை எண்ணியவர் ஆகிவிடுவேன். ஆனால் அந்த ராத்திரிகள் எனக்குத் தெரியும். அவை தேவையில்லாமல் போன ராத்திரிகள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எண்களைச் சொல்லவில்லை, இரண்டு பிரிவு இருந்ததை மட்டும் சொன்னேன்.

“அப்ப அந்தச் செய்தி என்னைப் பத்தி இல்லையா?”

“இல்லம்மா. கர்ப்பப்பை இருக்கறவங்களைப் பத்தி.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அந்த டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மதுரைக்கு ரெண்டு பஸ் மாறணும்னு அலுப்புப்பட்டுக்கிட்டு விட்டுட்டோம்” என்றாள். பழியை ‘விட்டுட்டோம்’ என்று பாதியாக்கி என் பங்கைக் குறைத்துக்கொடுத்தாள்.

பவுடர் டப்பாவைத் திறக்காமலே தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். மேலே எழுதியிருக்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் மாத்திரை ஆரம்பிப்பதோ நிறுத்துவதோ என்னுடைய இந்தக் கட்டுரையை வைத்துச் செய்யாதீர்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தவர்களின் கணக்கே வேறு. உங்கள் வீட்டில் யாருக்காவது ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்றால், சினைப்பையும் எடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள். அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை பீரோவிலிருந்து தேடி எடுத்தபோதுதான், எனக்கே அது உறுதியாகத் தெரிந்தது. 28 வருஷம் கழித்து.